டைமரில் வைத்த நான்கு மணி

கிட்டிலா, மே மாதம்

உனக்கு,

மார்ச்சில், மைனஸ் முப்பது குளிரில் வண்டி கிளம்பட்டுமென்று இன்ஜின் ஹீட்டரில் விடிகாலை நான்கு மணிக்கு டைமர் வைத்தேன். அதுதான் என் முட்டாள்தனம். டைமரைப் பார்த்த நீ, அந்நேரத்துக்கு எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. கோடாரியால் முதலில் இன்ஜினை நொறுக்கினாய், பிறகு என் கையை.

"நாலு லட்சம் கிலோமீட்டர் ஓடுன இன்ஜின். வேற மாத்துனா ரெண்டே நாள், இதையே சரி பண்ணுனா ரெண்டு மாசம்," என்றான் மெக்கானிக் தௌனோ. என் மாவுக்கட்டைப் பார்த்தான். "கையும் அதே கோடாரிதானா?"

"படியில விழுந்தேன். இதையே சரி பண்ணுங்க."

"கிழட்டு இன்ஜினுக்கு ரெண்டு மாசமா, லூசு," என்று பக்கத்தில் நின்ற நீ சிரித்தாய்.

இப்போது பனி உருகிவிட்டது. ஹீட்டரும் டைமரும் இல்லாமலே வண்டி கிளம்பும். இந்தக் கடிதத்தை, வண்டி நின்ற இடத்தில் தொங்கும் ஹீட்டர் ஒயரில்தான் கட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
படியில் விழாதவள்