நிலம் ஆடிய செவ்வாய்க்கிழமை

லெப்பைக்குடிகாடு
28-9-2001

அன்பு மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

எல்லாரும் நல்லா இருக்கோம் என்று நான் போனில் சொன்னது உண்மைதான். பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போது மீதியைச் சொல்ல முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை ராத்திரி இஷா தொழுதுவிட்டு அடுப்படிக்கு வந்தேன். பாத்திரங்கள் கடகடவென்று ஆடின. குவாரியில் வெடி வைக்கிறார்கள் என்று நினைப்பதற்குள் காலடியில் தரையே நழுவியது. நம் ஊரில் பூகம்பம் வரும் என்று யார் கண்டது? தெருவில் வந்து நின்ற பிறகுதான் என் கைகளைப் பார்த்தேன். வெறுங்கை. நீங்கள் இன்னும் முகம் பார்க்காத பிள்ளை உள்ளே தொட்டிலில் கிடந்தது.

திரும்பி உள்ளே ஓடாமல் வாசலையே பார்த்தபடி நின்றேன். அப்போது உங்கள் தங்கை சமீரா பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி வெளியே வந்தாள். இரண்டு மாதமாக என்னோடு முகம் கொடுத்துப் பேசாதவள்.

"பெத்தவ புள்ளைய விட்டுட்டா ஓடியாந்தே?" என்று ஒரு பெண் என்னைக் கேட்டாள்.

"இல்லங்க, மதினிதான் என் கையில குடுத்துட்டு முன்னால வந்தாங்க" என்றாள் சமீரா.

ஊரே அதை நம்பிவிட்டது. அன்றிலிருந்து பிள்ளையை நானாகத் தூக்க எனக்குத் துணிவில்லை. சமீராதான் தூக்கி என் மடியில் வைக்கிறாள். இன்னமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

நீங்களாவது உண்மையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் பதிலுக்குப் பயந்தபடி காத்திருக்கும்
உங்கள் மனைவி