என் பெயரில் இருக்கும் அக்காவின் ஈரல்

அனுப்புநர்
தங்கை,
அக்கா தங்கை திரைச்சீலை மற்றும் குஷன் தையலகம்,
மருத்துவமனைப் பின்வாசலுக்கு எதிரே,
மாடிப்படிக்குக் கீழ்.

பெறுநர்
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
ஈரல் நோய் மருத்துவமனை.

பொருள்: கொழுப்பு ஹார்மோன் ஆராய்ச்சி – என் அறிக்கையும் என் அக்காவின் அறிக்கையும் பதிவறையில் இடம் மாற்றப்பட்டது – பழையபடி மாற்றித் தரவும், அக்காவுக்கு உடனே சிகிச்சை தொடங்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: பதிவறை அலுவலரிடம் நான் பலமுறை நேரில் வாய்மொழியாகச் சொன்னது.

மதிப்பு மிக்க அம்மையீர்,

தங்கள் பின்வாசலைத் தாண்டியதும் கண்ணில் படும் கடை எங்களுடையது. தங்கள் அறையில் தொங்கும் பச்சைத் திரைச்சீலையை நாங்கள்தான் தைத்தோம். அதன் இடப்பக்க ஓரம் சற்று ஏறியிருப்பதை அறிவேன். அது தனி மனுவுக்குரிய விஷயம் என்பதால் இதோடு சேர்த்துக் குழப்ப விரும்பவில்லை. என் குறையைக் கீழே வரிசையாகச் சொல்கிறேன்.

1. எங்கள் அம்மா எங்கள் இருவருக்கும் விட்டுச்சென்றவை ஒரு தையல் இயந்திரமும் ஹெபடைடிஸ் பி வைரஸும் ஆகும். இயந்திரத்தை முறை வைத்து ஓட்டுகிறோம். வைரஸ் மட்டும் ஆளுக்கொன்றாகப் பிறக்கும்போதே வந்துவிட்டது. ஈரலில் அது சும்மா கிடக்கும்வரை மருந்து தேவையில்லை, தவறாமல் பரிசோதித்துக்கொண்டால் போதும், ஈரலில் கீறலோ தழும்போ விழத் தொடங்கினால் மாத்திரை ஆரம்பிக்க வேண்டும் என்பது தங்கள் மருத்துவர்கள் எங்களுக்குப் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் பாடம்.

2. என் அக்கா ஒல்லி. காற்றடிக்கும் நாளில் துணிக்கட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போகாதே என்று நானே தடுப்பேன். நான் அப்படியல்ல. தெருவில் அவளை ஊசி என்றும் என்னை மெத்தை என்றும் அழைக்கிறார்கள். எங்களுக்கு அதில் வருத்தமில்லை, கடைக்கு நல்ல விளம்பரம். ஆனால் எங்கள் இருவரில் ஒருவருக்கு ஈரல் கெடுமானால் அது மெத்தைக்குத்தான் என்று எங்கள் வீட்டிலும் தெருவிலும் ஒருமனதாக முடிவு செய்துவைத்திருந்தார்கள். நானும் அதை நம்பினேன்.

3. சென்ற ஆண்டு தங்கள் ஆராய்ச்சி டாக்டர் அம்மா எங்கள் கடைக்கே வந்து எங்களை ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டார். ஒரே வைரஸ், ஒரே தாய், இரண்டு உருவம் என்று அவருக்கு ஒரே சந்தோஷம். கொழுப்பு என்றால் குஷனுக்குள் அடைக்கும் பஞ்சு போல என்று நான் சொன்னபோது அவர் மறுத்து, "சும்மா அடைஞ்சு கிடக்கிற பஞ்சு இல்லம்மா அது. அதுவும் ஒரு பட்டறைதான். அங்கேருந்து ஹார்மோன் கிளம்பி ஈரலுக்குப் போய் வேலை பார்க்குது" என்றார். அந்த ஹார்மோனின் பெயர் அடிபோனெக்டின். ஈரலில் கொழுப்பு தேங்காமலும் அழற்சி மிகாமலும் அது பார்த்துக்கொள்வதாகத் தெரிகிறதாம். வேடிக்கை என்னவென்றால், கொழுப்பிலிருந்தே சுரந்தாலும் பொதுவாகப் பருத்தவர்களுக்கு அது குறைவாகவும் ஒல்லியானவர்களுக்கு அதிகமாகவும் இருக்குமாம். ஆனால் எவ்வளவு சுரக்க வேண்டும் என்பதில் மரபணுவுக்கும் பங்கு உண்டு. அந்த மரபணு ஆளுக்கு ஆள் சற்று மாறுவதால், உருவத்தைப் பார்த்து ஊகிப்பதற்கு நேர்மாறாகவும் சிலருக்கு அமையலாம். அப்படிப்பட்டவர்களுக்கு இந்த வைரஸ் என்ன செய்கிறது என்று பார்க்கத்தான் ஆராய்ச்சியே என்றார். முழு உண்மை இன்னும் யாருக்கும் தெரியாது, ஓர் ஊரில் செய்த ஆராய்ச்சி சொல்வதை இன்னோர் ஊர் ஆராய்ச்சி மறுக்கிறது என்பதையும் மறைக்காமல் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த டாக்டரை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

4. இரத்தம் கொடுத்தோம், ஸ்கேன் எடுத்தோம். முடிவு வருவதற்குள் டாக்டர் அம்மா பயிற்சிக்காக வெளியூர் சென்றுவிட்டார். வெளிநோயாளிப் பிரிவில் இருந்த வேறொரு டாக்டர் என் பெயரில் இருந்த அறிக்கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருத்தமாக இருந்திருக்கும் போலும், அவருக்குச் சந்தேகமே எழவில்லை. ஈரலில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது, தழும்பு விழத் தொடங்கியிருக்கிறது, அந்த ஹார்மோன் மிகக் குறைவு என்றார். முதலில் கொழுப்பைக் குறையுங்கள், அடுத்த முறை வரும்போது மாத்திரை தருகிறோம் என்றார். அக்காவின் ஈரல் பளிங்கு போல் இருப்பதாகச் சொல்லி அடுத்த ஆண்டு வந்தால் போதும் என்று அனுப்பிவிட்டார்.

5. அன்று தொடங்கியது என் தவம். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாழ்ந்தேன். என் கணவர் வெண்ணெயை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைப் பேருந்து ஓட்டப் போகும்போது கையோடு எடுத்துச் சென்றார். எந்நேரமும் எனக்கு வெள்ளரிக்காய்தான். அக்காவோ நல்ல அறிக்கை வந்த தைரியத்தில் தெருமுனை பேக்கரியின் கிரீம் கேக்கை என் கண்ணெதிரே உட்கார்ந்து தின்றாள். கொடுத்து வைத்தவள் என்று நானும் பொறுத்துக்கொண்டேன். அவள் அவ்வளவு நிம்மதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

6. போன வாரம் எனக்கு மாத்திரை எழுதித் தந்தார்கள். தொடங்கினால் வருடக்கணக்கில் விடாமல் விழுங்க வேண்டிய மாத்திரை. மருந்தகத்தில் ஸ்கேன் நகல் கேட்டதால் எங்கள் இருவருடையதையும் சேர்த்தே வாங்கி வந்தேன். மதியம் அக்கா ஒரு சோபா உறைக்கு ஜிப் வைத்துக்கொண்டிருந்தாள், நான் அவளுக்கு அறிக்கையை உரக்கப் படித்துக் காட்டினேன். என்னுடையதில் பித்தப்பை இயல்பாக உள்ளது என்றிருந்தது. எனக்குப் பித்தப்பையே கிடையாது, அம்மையீர். என் இரண்டாவது மகள் பிறந்த மறு ஆண்டு கல் அடைத்து, தங்கள் மருத்துவமனையிலேயே அதை எடுத்துவிட்டார்கள். தழும்பு வயிற்றில் இருக்கிறது. அக்கா விழுந்து விழுந்து சிரித்து, "அடியே, உனக்குப் பித்தப்பை திரும்ப முளைச்சிருக்குடி" என்றாள். நானும் சிரித்தேன். சிரித்தபடியே அவளுடைய அறிக்கையைப் புரட்டினேன். அதில் பித்தப்பை அகற்றப்பட்டுள்ளது என்றிருந்தது. அவள் வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லை. அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு ஜிப்பை முழுவதுமாகத் தைத்து முடித்தாள். அதன்பின் அந்தக் கேக்கை அவள் தொடவில்லை.

7. பதிவறைக்கு ஓடினேன். அலுவலர் தன்மையான மனிதர், கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருப்பவர். தினமும் எங்கள் கடையைக் கடந்துதான் வேலைக்கு வருகிறார், அவர் உட்காரும் குஷனும் எங்கள் தையல்தான். நடந்ததை அவர் ஒளிக்கவில்லை, பெருமையாகவே சொன்னார். "ஒல்லியா இருக்கிறவங்க பேர்ல கெட்டுப்போன ஈரலும், உங்க பேர்ல நல்ல ஈரலும் வந்துச்சும்மா. லேப்ல லேபிளை மாத்தி ஒட்டிட்டாங்கன்னு தெரிஞ்சுபோச்சு. நான்தான் சரி பண்ணேன். ரெண்டு பேரையும் பார்த்தாலே தெரியுதே, எது யாரோடதுன்னு." பரிசோதனைக்கூடம் சரியாகவே ஒட்டியிருந்ததை அவர் எங்கள் மேலுள்ள அக்கறையால் தப்பாக்கிவிட்டார். என் வயிற்றுத் தழும்பைப் பற்றிச் சொன்னதும் அவர் முகம் செத்துப்போயிற்று. எழுந்து எனக்குத் தன் நாற்காலியைக் கொடுத்தார்.

8. ஆனால் நாற்காலியைத்தான் கொடுக்க முடிந்தது. ஒருமுறை திருத்தியதாக முத்திரை விழுந்த பதிவை மறுமுறை திருத்த அவருக்கு அதிகாரமில்லையாம். தங்கள் உத்தரவு வேண்டும், அதற்குச் சம்பந்தப்பட்ட இருவரும் கையெழுத்திட்ட மனு வேண்டும் என்கிறார். வெளிநோயாளிப் பிரிவிலோ பதிவில் உள்ளபடிதான் மருந்து தருவோம் என்கிறார்கள். இப்படி நான் அங்குமிங்கும் அலையாய் அலைவதால் என் எடை குறைந்திருப்பது ஒன்றுதான் லாபம்.

9. இம்மனுவில் என் அக்கா கையெழுத்திட மறுக்கிறாள். "இருக்கட்டும் விடுடி. என் வாழ்க்கையில மொத தடவையா ஒண்ணுல நல்ல மார்க் வாங்கியிருக்கேன்" என்று முதலில் விளையாட்டாகச் சொன்னாள். நான் விடாமல் பேனாவை நீட்டியபோது, "கையெழுத்துப் போட்டா அது என் ஈரலாயிடும்" என்றாள். போடாவிட்டால் அது யாருடைய ஈரலாம் என்று கேட்டேன். நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அடுத்த உறையை எடுத்துக்கொண்டாள். அவளுக்குப் பயம். அவளைவிட எனக்குத்தான் பயம், அம்மையீர். அம்மா போனபின் என்னைத் திட்டவும் கிண்டல் செய்யவும் எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான்.

10. இன்னொன்றையும் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். மெலிந்த உடம்பில் ஹார்மோன் குறைந்து ஈரல் கெட்டவரையும், பருத்த உடம்பில் ஹார்மோன் தாராளமாகச் சுரந்து ஈரல் நன்றாக இருப்பவரையும் தேடித்தான் ஆராய்ச்சி டாக்டர் ஊரெல்லாம் சுற்றினார். அப்படி ஒரு ஜோடி அவருக்குப் பின்வாசல் எதிரிலேயே அகப்பட்டது. நடக்கவே கூடாத விஷயம் என்று அதைத் திருத்தி எங்களை ஊரில் எல்லோரையும் போல ஆக்கிவிட்டார்கள். அவர் திரும்பி வந்து எங்கள் அறிக்கையைப் பார்த்தால் எவ்வளவு ஏமாந்துபோவார் என்று நினைக்கவே கஷ்டமாக இருக்கிறது.

ஆகவே அம்மையீர், தாங்கள் அன்புகூர்ந்து,

அ) எங்கள் இருவரின் அறிக்கைகளையும் உரியவர் பெயருக்கு மாற்ற உத்தரவிட வேண்டுகிறேன். சந்தேகமிருந்தால் எங்களை மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம். என் தழும்பை எந்தப் பெண் மருத்துவருக்கும் எந்நேரமும் காட்டத் தயார்.

ஆ) அக்காவை இந்த வாரமே டாக்டரிடம் காட்டி மாத்திரை தொடங்கச் செய்ய வேண்டுகிறேன். தழும்பு இப்போதுதான் விழத் தொடங்கியிருக்கிறது, இப்போதே வைரஸை அடக்கினால் அது மேலும் பரவாமல் தடுக்கலாம் என்றுதான் என்னிடம், அது என் ஈரல் என்று நினைத்து, தைரியம் சொன்னார்கள். அந்தத் தைரியமும் அவளுக்குச் சேர வேண்டியது.

இ) அவள் கையெழுத்து இல்லை என்பதற்காக இம்மனுவைத் திருப்பி அனுப்பாதிருக்க வேண்டுகிறேன். கூடப் பிறந்தவள் என்ற முறையில் என் கையெழுத்தை அவளுடையதில் பாதியாகவாவது கணக்கில் கொள்ளலாம்.

ஈ) பதிவறை அலுவலர் மீது நடவடிக்கை ஏதும் வேண்டாம். எங்களைக் கண்டதும் அவர் நடையை மாற்றி எதிர்ச் சாரியில் போகிறார். அவரைக் கூப்பிட்டு அந்தப் பக்கம் போகத் தேவையில்லை என்று தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

உ) எனக்கு வெண்ணெய் சாப்பிடலாமா என்பதை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டுகிறேன். வாய்வார்த்தையாகச் சொன்னால் என் கணவர் நம்ப மாட்டார்.

தங்கள் பதில் வரும்வரை பின்வாசலைப் பார்த்தபடி இயந்திரத்தில் உட்கார்ந்திருப்பேன்.

இடம்: கடை
நாள்: திங்கட்கிழமை, முற்பகல்

இங்ஙனம்,
தங்கை
(தெருவில் மெத்தை)

இணைப்பு: ஸ்கேன் நகல்கள் இரண்டு, பிரிக்காத மாத்திரைப் பொட்டலம் ஒன்று.

அம்மா அவர்களுக்கு, அக்கா எழுதிக்கொள்வது. தங்கை சாப்பிடப் போயிருக்கிறாள். மனுவை வெட்டுமேசையிலேயே வைத்துவிட்டுப் போயிருந்ததால் படித்தேன். கேக் தினமும் தின்னவில்லை, வாரத்தில் சில நாள்தான். தங்கள் திரைச்சீலையின் இடப்பக்க ஓரத்தை ஏற்றித் தைத்தது அவள். 9-ஆம் பத்தியை அடித்துவிடவும். மேற்படி ஈரல் என்னுடையது.

இங்ஙனம்,
அக்கா
(தெருவில் ஊசி)