பத்து எலியில மிச்சம் நாலு

15 நவம்பர், சனி. துன், சுவிஸ்.

இண்டைக்கு ஃப்ரீசருக்குள்ள மீன் எடுக்கப் போன இடத்தில, பாம்புக்கு வாங்கி வைச்ச எலிப் பாக்கெட்டை எண்ணிப் பாத்தன். நாலுதான் கிடக்கு.

பாம்பு வந்து மூண்டு கிழமை. கார்ப்பெட் பைத்தன் எண்ட இந்த மலைப்பாம்புக் குட்டிக்குக் கிழமைக்கு ஒரு எலி காணும் எண்டு வித்தவன் எனக்கு முன்னாலதான் சொன்னவன். பாக்கெட்டில பத்து இருந்தது. அப்ப ஏழு மிஞ்சவேணுமெல்லோ?

என்ர மனுசன் சுதனிட்டைக் கேட்டன். "மூண்டு பழுதாப் போச்சு, எறிஞ்சிட்டன்" எண்டார். கல்லு மாதிரி உறைஞ்சு கிடக்கிற எலி எப்பிடிப் பழுதாகும்? பாம்புப் பெட்டியின்ர கண்ணாடியைத் துடைச்சுக்கொண்டு நிண்டார். என்ர முகத்தைப் பாக்கேல்ல.

ஒரு பாம்புக்குத்தான் நான் ஓம் சொன்னனான். அதுவும் பெட்டிக்கு ரெண்டு பூட்டுப் போட்ட பிறகு.

போன கிழமை பாம்புப் பெட்டிக்கு இன்னொரு சூட்டு விளக்கு வாங்கினவர், ஸ்பெயருக்காம். அதையும் வீட்டில காணேல்ல. உடுப்புத் தோய்க்கக்கூடக் கீழ இறங்காதவர், இப்ப ஹோட்டல் வேலையால வந்த உடன கெல்லருக்கு, அதான் கட்டடத்துக்குக் கீழ இருக்கிற நிலவறைக்குப் போறார். எங்கட கெல்லர் அறையில குளிர்கால டயர்தான் கிடக்கு. டயரோட என்ன கதை?

கெல்லர்ப் பூட்டின்ர திறப்பை எடுத்து என்ர தலகணிக்குக் கீழ வைச்சிட்டன். விடிய நானே போய்ப் பாப்பன்.

இவ்வளவு நேரமும் ஹோலில லாச்சி லாச்சியா இழுத்துத் தேடினார். இப்ப அறை வாசல்ல வந்து நிக்கிறார். என்ன தேடுறியள் எண்டு கேட்டன்.

"ஒண்டுமில்லை, நீர் படுத்து நித்திரை கொள்ளும்."

கையில ஒரு எலி தொங்குது. எங்கட பாம்பு நேற்றுத்தான் திண்டது.