அடுத்த ஆள் வராத ஆராதனை

முதல் வெள்ளி, இரவு.

இன்று பின்னேரம் பள்ளிக்கூடச் சிற்றாலயத்தில் நற்கருணை ஆராதனை. உயர்தர வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கு அரை மணித்தியாலம் என்று பெயர் கொடுத்திருந்தோம். என்னுடையது நான்கு மணி. நாலரைக்கு ஷாமினி வரவேண்டும், அவளுக்குப் பிறகு இன்னும் இரண்டு பேர். ஒருத்தியும் வரவில்லை.

பீடத்தின் மேல் கதிர்ப்பாத்திரத்தில் நற்கருணை அப்பமாக ஆண்டவர் இருக்கும்போது, ஆளில்லாமல் விட்டுவிட்டு எழும்பக் கூடாது. அதனால் ஆறு மணிவரை முழங்காலில் நின்றும் வாங்கில் இருந்துமாகக் கிடந்தேன். கெமிஸ்ட்ரி வகுப்பும் போனது, வீட்டுக்குப் போகும் கப்பல்துறை பஸ்ஸும் போனது.

ஆசீர் கொடுக்க வந்த ஃபாதர், "ரெண்டு மணித்தியாலமும் தனிய இருந்து செபிச்சனீரோ? நல்ல பிள்ளை" என்றார். நான் தலையாட்டினேன்.

அப்பா மோட்டார்சைக்கிளில் வந்து ஏற்றினார். வீட்டுக்கு வந்ததும் ஷாமினிக்குக் கோல் எடுத்தேன்.

"ஏனடி வரேல்ல?"

"கெமிஸ்ட்ரி கிளாஸுக்குப் போனனான். நீ இருக்கிறாய்தானே. நீ விட்டிட்டுப் போகமாட்டாய் எண்டு தெரியும்." சிரித்தாள். "நோட்ஸ் வேணுமெண்டா தாறன்."

போனை வைத்துவிட்டேன். அவளுடைய நோட்ஸ் எனக்கு வேண்டாம்.

ஆனால் படுத்தால் வேறொன்றுதான் குத்துகிறது. அந்த இரண்டு மணித்தியாலமும் நான் ஒரு செபம்கூட ஒழுங்காகச் சொல்லவில்லை. வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, அவளை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். ஃபாதரிடம் தலையை வேறு ஆட்டிவிட்டேன்.

ஆண்டவரைத் தனியே விடக் கூடாது என்றுதான் இருந்தேன். அவர் தனியேதான் இருந்தார்.