அதே ஆறு எழுத்து

2025 ஜூன் 3, செவ்வாய்
காலை ஆறரைக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. ஒருத்திக்கு இரண்டு குடம் போதும். துணி காயப்போட்டேன், பழைய சோறு சாப்பிட்டேன். எட்டரைக்கெல்லாம் என் நாள் முடிந்துவிட்டது.

பேத்தி கலைப்பிரியா பெங்களூருக்குத் திரும்பும் முன் போனில் ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்தாள். தினம் ஆறு இங்கிலீஷ் எழுத்து வட்டமாக வரும். அதையே மாற்றி மாற்றிக் கோத்து வார்த்தை செய்ய வேண்டும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுத்து தெரியும், அர்த்தம் பாதிக்குத் தெரியாது. ஆனால் ஆட்டம் முடிந்ததும் நான் விட்ட வார்த்தைகளைப் போனே காட்டுகிறது. ஒன்றை ஒருமுறை பார்த்தால் எனக்கு மனசை விட்டுப் போகாது. நல்லதும் போகாது, கெட்டதும் போகாது.

ஜூன் 9, திங்கள்
போனில் அம்சாவின் படம் வந்து நின்றது. என் தங்கை. விழுப்புரத்தில் இருக்கிறாள், ரிட்டயர்டு இங்கிலீஷ் டீச்சர். என்னோடு ஆட வேண்டுமாம். கலைப்பிரியாவைக் கேட்டேன். "சின்ன ஆயாதான் கேட்டாங்க, நான்தான் சேர்த்து உட்டேன். ஆடேன் ஆயா, உன்னப் பேசவா சொல்றாங்க?" என்கிறாள்.

நாங்கள் பேசிப் பதினோரு வருஷம். அன்று மயிலத்தில் அம்சா மகனுக்கு நிச்சயதார்த்தம். மூத்தவள் படிக்கட்டும் என்று பெண் வீட்டார் லக்னப் பத்திரிகையை என் கையில் கொடுத்தார்கள். "அக்காவுக்கு வராதுங்க" என்று வாங்கி அவளே படித்தாள். அன்று அவள் கட்டியிருந்தது கிளிப்பச்சைப் பட்டு, அரக்குக் கரை. எனக்குத் தமிழ் கூடவா வராது? இவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரியத்தானே என்னைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தினார்கள். உன் வீட்டில் இனிக் கை நனைக்க மாட்டேன் என்று அன்றே சொல்லிவிட்டு வந்தேன். நனைக்கவில்லை.

ஜூன் 10
ஒத்துக்கொண்டேன். தோற்கடிக்கத்தான்.

ஜூன் 14, சனி
இன்று ஜி, ஏ, ஆர், டி, இ, என். இரண்டு பேருக்கும் அதே எழுத்துதான். இருவரும் முடித்த பிறகு ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்கலாம். நான் ரெட், நியர், ஏஜ், என்ட். அவள் பதினான்கு வார்த்தை. அதில் கார்டன், டேஞ்சர் இரண்டும் இருக்கிறது. ஒரே ஆறு எழுத்துக்குள் தோட்டமும் ஆபத்தும்.

டேஞ்சர் எங்கள் தெருமுனை டிரான்ஸ்பார்மரில் மண்டையோட்டுக்குக் கீழே எழுதியிருக்கிறது. அதன் எதிரில்தான் தினம் பாலுக்கு நிற்கிறேன். எனக்கு ஏன் வரவில்லை?

ஜூன் 22, ஞாயிறு
இன்றும் தோல்வி. மத்தியானம் மூன்று மணி வாக்கில் அவள் ஆடி முடிப்பாள், போன் டிங் என்னும். இன்றைக்கு இந்த வீட்டில் கேட்ட சத்தம் அது ஒன்றுதான். அது வரும்வரை படுக்காமல் உட்கார்ந்திருந்தேன். அவளுக்காக இல்லை.

ஜூலை 2, புதன்
ஜெயித்தேன். நேற்றும். முந்தாநாளும்.

பக்கத்து வீட்டுப் பூமாலையிடம் போனைக் காட்டினேன். "டீச்சரம்மாவையேவா? பலே ஆளுதான் நீங்க" என்றாள். கேப்பை அடை சுட்டு அவளுக்கும் இரண்டு கொடுத்தேன். ரொம்ப நாளாயிற்று, இரண்டு பேருக்குச் சுட்டு.

ஜூலை 8, செவ்வாய்
திரும்பவும் ஜி, ஏ, ஆர், டி, இ, என். நான் கார்டன் போட்டேன், டேஞ்சர் போட்டேன். அம்சா ரெட், என்ட், ரீட். அவ்வளவுதான்.

அவளுக்கா தெரியாது? ஜூன் பதினாலில் அவள் போட்ட பதினாலையும் வரிசையாகச் சொல்வேன் நான். தெரிந்தே விட்டிருக்கிறாள்.

அப்போ போன வாரம் ஜெயிச்சது? பூமாலைகிட்டப் போய்ப் பீத்திக்கினு வந்தது? எல்லாம் இவ போட்ட பிச்சையா? எனக்கு விட்டுக் குடுக்க இவ யாரு?

சோறு இறங்கவில்லை.

ஜூலை 9, புதன்
விழுப்புரம் போனேன். கதவைத் திறந்தவள் "அக்கா" என்று அப்படியே நின்றாள். தலை முழுக்க நரைத்திருக்கிறது.

"டேஞ்சர் எங்கடி?" என்று கேட்டேன்.

"என்னக்கா?"

"போன மாசம் பதினாலாந் தேதி போட்ட இல்ல? நேத்து அதே ஆறு எழுத்து. எங்க போச்சு?"

"தேதியெல்லாமா ஞாபகம் வச்சிக்கினு இருக்க?"

"மயிலத்துல நீ கட்டியிருந்த பொடவ கூட ஞாபகம் இருக்கு."

உள்ளே வந்து உட்காரச் சொன்னாள். அவள் வீட்டுக்காரரும் போய், மகனும் சென்னையோடு போய், அந்த வீட்டிலும் ஒரு தட்டுதான் கவிழ்த்து வைத்திருக்கிறது.

"நீ தோத்துக்கினே இருந்தியாக்கா, கோவத்துல ஆட்டத்த உட்டுடுவியோன்னு பயமாப் போச்சு. காலைல நீ முடிச்சதும் எனக்கு டிங்குனு வரும். அது வந்தாத்தான் எனக்குப் பொழுது விடிஞ்ச மாரி."

ஆனாலும் நான் விடவில்லை. "அன்னிக்கும் அக்காவுக்கு வராதுன்னு நீயே முடிவு பண்ண. இப்பவும் நீயேதான் பண்ற. ஒருவாட்டியாவது என்னக் கேட்டியா?"

"தப்புதான்க்கா" என்றாள். பிறகு, "ரெண்டுமே."

சாப்பிடச் சொன்னாள். மாட்டேன் என்றேன். வெயிலுக்கு ஒரு சொம்பு தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தேன். தண்ணீர் கை நனைத்ததில் சேராது.

பஸ் ஏற்றிவிட வந்தாள். ஜன்னலுக்குக் கீழே நின்று, "நாளைக்கு ஆடுவியாக்கா?"

"நீ ஒழுங்கா ஆடுனா."

ஜூலை 10, வியாழன்
தோற்றேன். நான் ஆறு, அவள் பத்தொன்பது. ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை, பாவி.

பூமாலையிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.