நன்றி சொல்லக் கூடாத செடி

பேர்ம் நகரம்
டிசம்பர் 2

அன்பு மகள் வார்யாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், முழங்கால் மட்டும் பனிக்கு முனகுகிறது. விளாதிவஸ்தோக்கில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருந்தால் எனக்கு அது போதும்.

வார்யா, பால்கனிக்குக் கண்ணாடி போட்டு முடிந்துவிட்டது! வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு, உள்ளே நான் வெறும் சட்டையோடு உட்கார்ந்து தேநீர் குடிக்கிறேன். எந்த மூலைக்கு எந்தச் செடி என்று ஒரு வாரமாகக் காகிதத்தில் வரைவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். கடைக்காரப் பெண் ஒரு பெரிய பனைச்செடியை என் தலையில் கட்டப் பார்த்தாள், அது வளர்ந்தால் நான்தான் வெளியே குடிபோக வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். வெயில் விழும் பக்கம் எலுமிச்சை, நிழலில் பெரணி, சுவரில் ஐவிக் கொடி என்று முடிவு செய்தேன். ஐவி என்றதும் கீழ்வீட்டு கிளாஃபிரா, ஐயையோ, அதை வச்சா வீட்டு ஆம்பளை ஓடிப்போயிடுவான், தெரியாதா உங்களுக்கு என்று குதித்தாள். முப்பது வருஷம் உன் அம்மாவிடம் திட்டு வாங்கியே ஓடாதவன், ஒரு கொடிக்கா ஓடப் போகிறேன் என்றேன். ஆனாலும் ஐவி வாங்கவில்லை.

ஜன்னலோரத்து நல்ல இடத்தை மட்டும் முதலிலேயே அம்மாவின் டிசம்பர்க் கள்ளிக்கு ஒதுக்கிவிட்டேன். முள் இல்லாமல், பனிக்காலத்தில் ரோஜா நிறத்தில் பூக்குமே, அதுதான். கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அம்மா அக்கம்பக்கத்தில் கொடுத்த தொட்டிகளில் கிளாஃபிராவிடம் இருந்த அது ஒன்றுதான் மிச்சம். கண்ணாடி வேலை தொடங்கியபோதே போய் ஒரு துண்டு கேட்டேன், நான்கு கணுவாகக் கிள்ளிக் கொடுத்தாள். வாய்தவறி நன்றி என்று சொல்லித் தொலைத்தேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அட கடவுளே, செடிக்கு யாராவது நன்றி சொல்வாங்களா, இனி அது எங்க வேர் பிடிக்கும், அறுபத்தாறு வயசாச்சு, இதுகூடத் தெரியல என்று ஒரே திட்டு. அவள் சொன்னபடியே இரண்டே வாரத்தில் அழுகிப்போனது. அன்றைக்கு நான் அழுதேன், உன்னிடம் சொல்வதற்கென்ன.

அவளுடைய செடியும் இளைத்துக்கொண்டே வந்தது, அதனால் மறுபடி கேட்க வாய் வரவில்லை. அடுத்த ஞாயிறு அவளே தேநீருக்குக் கூப்பிட்டாள். என் நாற்காலியைத் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டாள். நான் போய் ஜாம் எடுத்துட்டு வரேன், நேரமாகும், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, சமையலறையில் மூடிகளைப் போட்டு உருட்டினாள் பார், தெருவுக்கே கேட்டிருக்கும். திருடிய செடிதான் வேர் பிடிக்கும் என்று அம்மாவும் சொல்வாளே! முப்பத்தொரு வருஷம் டிராம் ஓட்டி ஒரு கோபெக் காசுகூடத் தொடாத உன் அப்பா நான், மூன்று கணு கிள்ளித் தொப்பிக்குள் ஒளித்தேன். அவள் வந்து செடியைப் பார்த்தாள், என் தொப்பியைப் பார்த்தாள், இன்னும் ரெண்டு அப்பம் சாப்பிடுங்க என்றாள். மறுபடி நன்றி என்று வாய்தவறிவிடாமல் இரண்டையும் ஒன்றாக வாயில் திணித்துக்கொண்டேன்.

இன்று காலை, ஜன்னலோரத்தில் நட்ட அந்தத் திருட்டுத் துண்டின் நுனியில் சிவப்பாக ஒரு துளிர், வார்யா! உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, அதுதான் உடனே எழுத உட்கார்ந்தேன்.

கடல் காற்றில் கழுத்தை மூடிக்கொள், மாப்பிள்ளையை வேளைக்குச் சாப்பிடச் சொல். இருவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். மார்ச் மாதம் நீ வரும்போது உன் நாற்காலியை அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில்தான் போடுவேன். நான் சமையலறையில் நெடுநேரம் பாத்திரம் உருட்டிக்கொண்டிருப்பேன். மறக்காமல் தொப்பி கொண்டு வா. நன்றி மட்டும் சொல்லிவிடாதே.

உன் அப்பா
யெர்மலாய்