சோப்புப் போட்ட குட்டி

விபவ வருஷம், ஐப்பசி 6, திங்கள்

தயிரில் ஆட்டு வாடை. தலையணையில் ஆட்டு வாடை. கொடியில் உலர்ந்த புடவையை எடுத்து முகர்ந்தால் அதிலும் அதே. ஆவணியில் காலடிப்பேட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து என் புகார் இது ஒன்றுதான். கேட்க ஆள் இல்லாததால் இங்கே எழுதுகிறேன்.

ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்குள் எறும்புகூடக் காலைக் கழுவிக்கொண்டுதான் வரும். நைனா துறைமுகத்தில் குமாஸ்தா. வேலை விட்டு வந்தால் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவாமல் தண்ணீர்ச் சொம்பைத் தொடமாட்டார். அவர் பெண் நான். அதே நைனாதான், "சொந்தமா ஆடு கீது, எவனுக்கும் சலாம் போட வேணாம்" என்று சொல்லி என்னை இந்தச் செம்மறிக் கூட்டத்துக்குள் கட்டிக்கொடுத்தார். யாரை நொந்துகொள்வது?

தலைதீபாவளிக்கு ராயபுரம் போகிறோம். போனால் கார்த்திகை முழுக்க அங்கேயே இருந்துவிடுவதாக உத்தேசம். இவரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஐப்பசி 8

மழை. ஆட்டுக் கொட்டாய் முழுக்கச் சேறு. மழை விழுந்து புல் தலைகாட்டும் இந்தச் சமயம்தான் ஆடுகள் வரிசையாகக் குட்டி போடுமாம். அதற்கு ஈத்து என்று பேர். வீட்டில் எல்லாருக்கும் அதே பேச்சு. சோறு போடும்போதுகூட எந்த ஆட்டுக்கு மடி இறங்கியிருக்கிறது என்றுதான் பேசுகிறார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் மாமியார் சொக்கம்மாள் மனிதர்களை "ம்மே", "டேய்" என்பாள். ஆடுகளுக்கு மட்டும் மரியாதை. இன்று என்னிடம், "இன்னாம்மே, மூக்கைப் புடிச்சிகினே காலத்தை ஓட்டலாம்னு பாக்கிறியா?" என்று கேட்டாள். அதே மூச்சில் பக்கத்தில் நின்ற மூளியிடம், "நீ தண்ணி குட்ச்சியாம்மா கண்ணு?" மூளி என்பது காது அறுந்த செவலை ஆடு. அதற்கு இதுதான் தலைச்சூல். எனக்கும் இந்த வீட்டில் முதல் வருஷம்தான். என்னை ஒருநாளும் தண்ணீர் குடித்தாயா என்று கேட்டதில்லை.

புருஷன் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையுமாம், அத்தை சொல்கிறாள். எழுதினால்? அப்பாவு. அப்பாவு. அப்பாவு. எழுதிவிட்டேன். அடுப்படியில் உட்கார்ந்து மூன்றாவது முறை குழம்பு வாங்கிக்கொண்டிருக்கிறார்.

ஐப்பசி 10

எழுதவே கை வரவில்லை. நல்லதுதானே செய்தேன்?

இவர் ஆடுகளை எர்ணாவூர்ப் பக்கம் மேய்க்கப் போயிருந்தார். பின்தெருவில் காத்தூன் பீவி வீட்டு வெள்ளாடு குட்டி போட முடியாமல் திணறுகிறது என்று அத்தையைக் கூப்பிட்டுப் போனார்கள். வீட்டில் நானும் மூளியும். சோறு கொதிக்கும்போது கொட்டாயில் சத்தம். போய்ப் பார்த்தால் குட்டி கீழே கிடக்கிறது. மூளி பயந்துபோய் ஓரமாக நிற்கிறாள். குட்டி மேலெல்லாம் மஞ்சளாய்ச் சளி, ரத்தம், சேறு. கலீஜ்! பச்சைப் பிள்ளையை இப்படியா போட்டு வைப்பது என்று மனசு கேட்கவில்லை. தூக்கிவந்து வெந்நீர் விளாவி, நைனா வாங்கிக்கொடுத்த வாசனை சோப்புப் போட்டு, இரண்டு தரம் நுரைக்கத் தேய்த்துக் குளிப்பாட்டினேன். துண்டால் துடைத்தேன். நெற்றியில் குங்குமம்கூட வைத்தேன்.

கொண்டுபோய் மூளி முன்னால் விட்டேன். முகர்ந்தாள். இரண்டடி பின்னால் போனாள். முட்டினாளே ஒரு முட்டு! குட்டி சுவரோரம் போய் விழுந்தது.

அத்தை வாசலில் நுழையும்போதே, "இன்னா வாசனை இது? எவளையாவது பொண்ணு பாக்க வந்துகிறாங்களா?" என்றாள். குங்குமப் பொட்டோடு குட்டியைப் பார்த்ததும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். நான் திட்டுக்குத் தயாராக நின்றேன். அவள் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஆட்டுக்குக் கண்ணு மூக்குலதாம்மே கீது. நக்கி நக்கித்தான் தன் குட்டின்னு கண்டுக்கும். நீ அந்த வாசனையைக் கழுவி சாக்கடைல ஊத்திட்டே. அதும் தலைச்சூலு. இனிமே எங்க சேக்கப் போவுது?" சேர்க்காவிட்டால் இந்த மழையில் குட்டி பிழைக்காதாம். போகும்போது சொன்னாள்: "நீதான் பிரிச்சே. நீயே சேத்து வை."

ஐப்பசி 11

இவர் மூளியை முழங்காலால் இடுக்கிப் பிடித்துக்கொள்ள, சீம்பாலைக் கறந்து பாலாடையில் ஊற்றிப் புகட்டினேன். என் மடியில் படுத்துக் குடித்தது. பெண் குட்டி. "பேரு வெச்சிட்டியா?" என்று கேட்டார். "வைக்கலை" என்றேன். "நான் வெச்சிட்டேன். சோப்பு." சிரிப்பு வேறு. பாலாடையைத் தலையில் கவிழ்த்திருப்பேன், பால் வீணாகுமே என்று விட்டேன்.

ஐப்பசி 13

காத்தூன் பீவி வந்து யோசனை சொன்னாள். "குட்டி மேல உப்பைத் தடவும்மா. ருசிக்கு நக்கும். நக்கி நக்கி ஒட்டிக்கும்." தடவினேன். மூளி வந்தாள், வாலிலிருந்து தலைவரை உப்பை நக்கித் தீர்த்தாள், பிறகு முட்டித் தள்ளிவிட்டுப் போனாள். பந்தியில் சாப்பிட்டுவிட்டு மொய் வைக்காமல் போகிறவர்கள் மாதிரி.

ஐப்பசி 15

தெருவில் என் பெயர் சோப்புக்காரியாம். கிணற்றடியில் இரண்டு பெண்கள் என்னைப் பார்த்து, "எங்க வூட்டு கோழிக்கும் தலை வாரி வுடறியா?" என்று கேட்டார்கள். வாரிவிட்டுப் பேன் பார்த்துத் தருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஐப்பசி 17

குட்டிக்குக் கழிசல். ராத்திரிக்கென்று பசும்பால் கொடுத்தது சேரவில்லை. நிற்கமாட்டேன் என்கிறது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொள்கிறது — ஐயோ, எதுக்கு அப்டி பாக்கறே? நான் உன் அம்மா இல்லடி. உன் அம்மாகிட்டேர்ந்து உன்னைப் பறிச்ச பாவி நான். செத்துப்போனா நான் இன்னா பண்ணுவேன்?

அத்தை ஓமத்தைக் கருக்கிக் கஷாயம் வைத்துக் கொடுக்க, நான் புகட்டினேன். சாயங்காலம் கொஞ்சம் தலை தூக்கியது. தாய்ப்பால் நேராகக் குடித்தால்தான் தேறும் என்கிறாள்.

ஐப்பசி 18

இன்று ஒரு விஷயம் வெளிச்சமாயிற்று. நான் குளிக்கப் போயிருந்தபோது அத்தை குட்டியைத் தன் முந்தானையில் சுற்றி எடுத்துப்போய் மூளியிடம் விட்டிருக்கிறாள். மூளி முட்டவில்லை. ஒரு நிமிஷம் யோசித்தாளாம். அப்போது பார்த்து நான் தலைதுவட்டிக்கொண்டு உள்ளே நுழைந்து குட்டியைத் தடவிக்கொடுத்தேன். உடனே முட்டு.

அத்தை என் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள். என் தோளை முகர்ந்தாள். வெட்கமாகப் போய்விட்டது. "குட்டி மேல போட்ட சோப்பு என்னிக்கோ போயிட்ச்சி. இப்ப நாறறது நீதாம்மே. தெனம் மடில போட்டு புகட்றே, தெனம் உன் வாசனையைப் பூசி அனுப்பறே."

நாறுகிறேனாம். நான்!

"சோப்பை வுடு, இல்ல குட்டியை வுடு" என்றாள். சோப்பு மட்டும் இல்லை. சிகைக்காய் கூடாது, மஞ்சள் கூடாது, பூ கூடாது. மூளி படுக்கும் சாக்கைத்தான் மடியில் போட்டுக்கொண்டு புகட்டவேண்டும். குட்டியை அவள் எடுத்துக்கொள்ளலாமே என்றால், மற்ற ஆடுகள் ஒவ்வொன்றாய் ஈன்று கொண்டிருக்கின்றன, அவளுக்கு நிற்க நேரமில்லை. தவிர, அது என் கையில்தான் குடிக்கிறது. வேறு யார் பாலாடையை நீட்டினாலும் வாயை இறுக்கிக்கொள்கிறது.

சோப்பை எடுத்துத் தகரப் பெட்டியில் அடியில் போட்டேன். என்னவோ நகையை அடகு வைத்ததுபோல் இருந்தது.

ஐப்பசி 20

அரிக்கிறது.

ஐப்பசி 22

இப்போது என் புடவையில் ஆட்டு வாடை இருக்கிறதா என்று கேட்டால் தெரியாது. எனக்கு எதுவுமே தெரியவில்லை. இவர் பக்கத்தில் வந்து நின்று மூச்சை இழுத்து, "இப்பத்தான் நம்ம வூட்டு ஆளு மாதிரி கீறே" என்றார். புகழ்ச்சியா? அப்படித்தான் முகத்தை வைத்துக்கொண்டார்.

மூளி குட்டியை முட்டுவதில்லை. ஆனால் பால் கொடுக்க நிற்பதும் இல்லை. எங்கேயோ பார்த்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறாள்.

ஐப்பசி 24

நைனா வந்தார். தலைதீபாவளிக்கு எங்களை அழைத்துப்போக ஜட்கா வண்டியோடு. வாசலில் இறங்கினவர் என்னைப் பார்த்தார். தலை சிக்கு, மடியில் சாக்கு, கையில் குட்டி. கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு அத்தையிடம் போனார்.

"இன்னா சம்மந்தி இது? என் பொண்ணை இன்னா பண்ணி வெச்சிகிறீங்க? குளிக்கத் தண்ணி கூட குடுக்கறதில்லியா?"

அத்தைக்கு வந்ததே கோபம். "உங்க பொண்ணையே கேளுங்க" என்று உள்ளே போய்விட்டாள். நான் சொன்னேன், இப்போது வரமுடியாது, குட்டி தாயோடு சேருகிற சமயம், நான் போனால் அது யார் கையிலும் குடிக்காது என்று. நைனாவுக்கு விளங்கவில்லை. "ஒரு ஆட்டுக்குட்டிக்காக தலைதீபாவளியை வுட்றதா? உங்க அம்மா பலகாரம் சுட்டு வெச்சிகிறா. நாலு பேரு இன்னா கேப்பாங்க?"

"ஆடு ஈனுதுன்னு சொல்லுங்க நைனா."

"ஆடா?"

"ஆமா. ஆட்டுக்காரன் வூட்லதான குட்த்தீங்க?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். நைனா புதுப்புடவைப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினார். திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வண்டியில் நான் போயிருக்கவேண்டும். இத்தனை நாள் அதற்குத்தானே காத்திருந்தேன்? வண்டி தெருமுனை திரும்பியதும் வாய்விட்டு அழுதேன்.

ஐப்பசி 25

விடிந்தால் தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளிக்காமல் இருப்பது பாவம். குளித்தால் இத்தனை நாள் பட்ட பாடு பாழ். அத்தையிடம் கேட்கவும் பயம். தலைதீபாவளிக்கு மருமகள் தலை முழுகவில்லை என்றால் ஊர் அவளைத்தானே பேசும்?

ஐப்பசி 26, தீபாவளி

விடிவதற்கு முன் எழுந்து அடுப்படிக்குப் போனேன். அத்தை என்னை எண்ணெய்க்குக் கூப்பிடுவாள், என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே. அவள் நேற்றைய புடவையோடு உட்கார்ந்து இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள். "எண்ணெய் தீந்துபோச்சு" என்றாள் என்னைப் பார்க்காமல். "இந்த வர்சம் யாருக்கும் இல்ல. எனக்கும் இல்ல, அவனுக்கும் இல்ல." அவளுக்குப் பின்னால் எண்ணெய்த் தகரம் வாய்வரைக்கும் நிரம்பி நின்றது. நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். கரண்டியை வாங்கி அடுத்த ஈடு இட்லியை நான் ஊற்றினேன்.

காலடிப்பேட்டை முழுக்க எண்ணெய்க் குளியல், எங்கள் வீட்டில் மூன்று அழுக்குகள். புதுத்துணிக்கு மஞ்சள் தடவி ஒரு மணையில் வைத்துக் கும்பிட்டதோடு சரி. பலகாரத் தட்டோடு வந்த பக்கத்து வீட்டுக்காரி வாசலிலேயே நின்று நீட்டிவிட்டு ஓடினாள்.

பாலாடையோடு கொட்டாய்க்குப் போனபோது தெருவில் யாரோ சரவெடியைக் கொளுத்திவிட்டார்கள். ஆடுகள் எல்லாம் மிரண்டு ஒரே மூலைக்கு ஓடின. மூளியும் ஓடினாள். சோப்புக்கு ஓடத் தெரியவில்லை. நடுவில் நின்று கத்தியது. பாவி, அப்படி ஒரு கத்தல். நான் எடுக்க ஓடினேன். அதற்குள் மூளி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். வெடி ஓயவில்லை, வந்தாள். குட்டிக்கு முன்னால் நின்று, முன்காலால் தரையைத் தட்டி, தலையைத் தாழ்த்திக்கொண்டாள். என்னை எதிர்த்து! என்னைத்தான், இத்தனை நாள் வளர்த்த என்னை, கிட்டே வந்தால் முட்டுவேன் என்கிறாள்.

வெடி நின்றது. மூளி திரும்பி முகர்ந்தாள். நக்க ஆரம்பித்தாள். குட்டி மடியைத் தேடி முட்டி முட்டிக் குடித்தது. வால் சிலுப்பிய சிலுப்பு! "அத்தே! அத்தே!" என்று நான் போட்ட கூச்சலில் வீடு தீப்பிடித்ததென்று இவர் குடத்தோடு ஓடிவந்தார்.

ஐப்பசி 27

நாள் முழுக்கத் தள்ளி நின்று பார்த்தேன். மூளி கூப்பிடுகிறாள், அது ஓடுகிறது. பாலாடையைக் கழுவி மாடத்தில் வைத்தேன்.

ஐப்பசி 28

காலையில் அத்தை தானே என்னை மணையில் உட்காரவைத்துத் தலையில் எண்ணெய் வைத்தாள். "தீந்துபோச்சுன்னீங்களே" என்றேன். "வாயை மூடும்மே, கண்ல எண்ணெய் பூடும்." சிகைக்காய், அதற்கு மேல் சோப்பு, மறுபடி சோப்பு. நைனா கொடுத்த புடவை. பூ. கண்ணாடியில் ராயபுரத்துப் பெண் ஒருத்தி நின்றாள். சாயங்காலம் ஊருக்குக் கிளம்புகிறோம் என்று சோப்பிடம் சொல்லிக்கொள்ளப் போனேன்.

கையை நீட்டினேன். மூக்கைத் தூக்கி முகர்ந்தது. ஒரு அடி பின்னால் போயிற்று. "நான்தான்டி" என்றேன். குரலுக்கு ஒரு கணம் காது நிமிர்ந்தது. மறுபடி முகர்ந்து பார்த்துவிட்டு ஓடிப்போய் மூளியின் வயிற்றுக்குக் கீழே நுழைந்துகொண்டது.

இதற்காகத்தானே இத்தனை பாடுபட்டேன்? பிறகு ஏன் இப்படி வலிக்கிறது? இவர் பின்னால் வந்து நின்றார். கேலி செய்வார் என்று நினைத்தேன். செய்யவில்லை.

கார்த்திகை 1, ராயபுரம்

நைனாவுக்குக் கோபம் போய்விட்டது. மாப்பிள்ளைக்கு இரண்டாம் முறை மைசூர்பாகு வைக்கிறார். இன்னும் பத்து நாள் இருந்துவிட்டுப் போகச் சொல்கிறாள் அம்மா. இவர் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்.

காலையில் கிளம்பவேண்டும் என்று நான்தான் சொன்னேன். அங்கே கொட்டாயில் சுட்டி என்கிற ஆட்டுக்கு மடி இறங்கி, இன்றோ நாளையோ என்று நிற்கிறாள். அதற்கும் தலைச்சூல். மழை வேறு. அத்தை ஒருத்தியால் முடியாது.

அம்மா என் பெட்டியில் புது சோப்பு ஒன்றை வைத்திருந்தாள். எடுத்து இங்கேயே மாடத்தில் வைத்துவிட்டேன். ஈத்து முடியட்டும்.